களைத்துப்போகும் காவற்கலங்கள்: 'எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்' டின்னை வாங்குமுன் சிந்திப்போம்

புற்றுநோய் என்று உறுதியான ஒருவரின் வீட்டுக்கு அடுத்த சில நாட்களிலேயே மூன்று விடயங்கள் வந்து சேர்ந்துவிடுகின்றன. ஒன்று, உறவினர்களின் துஆ. இரண்டு, வாட்ஸ்அப்பில் வரும் வைத்தியக் குறிப்புகள். மூன்று, 'நோய் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்' என்று அச்சிடப்பட்ட டின்களும் போத்தல்களும். முதலாவது பற்றி எனக்கு எந்தக் கேள்வியும் இல்லை. மற்ற இரண்டையும் பற்றித்தான் இங்கு பேச விரும்புகின்றேன்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம், சிகிச்சைக்காகக் கொழும்புக்குப் போய்வரும் வாகனச் செலவுக்கே கடன் வாங்கிக்கொண்டிருந்தது. அதே நேரம் மாதாமாதம் இப்படியான தூள் டின்களையும் வாங்கிக்கொண்டிருந்தது. விற்றவர் சொன்ன நியாயம் கேட்பதற்கு மிகச் சரியானது போலத் தோன்றும்: "உடம்பில் எதிர்ப்புச் சக்தி குறைந்தபடியால்தான் நோய் வந்தது. அதைக் கூட்டினால் நோய் போய்விடும்."

தண்ணீர்த் தாங்கியில் மட்டம் இறங்கிவிட்டது, மோட்டரைப் போட்டு நிரப்பினால் சரி என்பது போன்ற ஒரு எண்ணம் இது. ஆனால் நாட்பட்ட வைரஸ் நோய்களிலும் புற்றுநோயிலும் உண்மையில் நடப்பது வேறு. அங்கு எதிர்ப்புக் கலங்கள் பெரும்பாலும் இல்லாமல் போவதில்லை. அவை நோய் இருக்கும் இடத்திலேயே நிற்கின்றன. ஆனால் களைத்துப்போய் நிற்கின்றன. விஞ்ஞானிகளும் இதற்கு 'களைப்பு' என்ற சொல்லையே பயன்படுத்துகின்றனர். இன்றைய புற்றுநோய் வைத்தியத்தின் மிகப் பெரிய முன்னேற்றங்களில் ஒன்று இந்தக் களைப்பை விளங்கிக்கொண்டதிலிருந்தே பிறந்தது. அதை நாமும் விளங்கிக்கொண்டால், எந்த டின் பயன் தரும், எது பயன் தராது என்று நாமே யோசித்துக்கொள்ளலாம்.

டி கலங்கள் என்பவை யார்?

எமது குருதியில் ஓடும் வெண்குருதிக் கலங்களில் ஒரு வகையே டி கலங்கள். நெஞ்சு எலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் என்ற சிறு சுரப்பியில் இவை முதிர்ச்சியடைகின்றன. ஒவ்வொரு டி கலமும் ஒரு குறிப்பிட்ட அந்நியத் துண்டை மட்டுமே அடையாளம் காணும். வைரஸ் புகுந்த கலத்தையோ புற்றுநோயாக மாறிய கலத்தையோ தேடிப் பிடித்து அழிப்பது இவற்றில் ஒரு பிரிவினுடைய வேலை.

சாதாரணக் காய்ச்சல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். குறித்த வைரஸை அடையாளம் காணக்கூடிய டி கலங்கள் ஆரம்பத்தில் மிகச் சிலவே இருக்கும். வைரஸைக் கண்டதும் அவை பிரிந்து பெருகத் தொடங்கும். சுண்டெலிகளில் செய்யப்பட்ட ஆய்வுகளில், சில நூறு கலங்கள் ஏறத்தாழ ஒரு வாரத்தில் பல மில்லியன்களாகப் பெருகுவதைக் கண்டிருக்கின்றனர். வைரஸ் அழிக்கப்பட்ட பின்னர் இந்தப் படையில் 90 வீதத்துக்கும் மேற்பட்டவை இறந்துவிடும். எஞ்சியவை நினைவுக் கலங்களாக நீண்ட காலம் தங்கும். அதே வைரஸ் மீண்டும் வந்தால் அவை உடனே எழுந்து நிற்கும். தடுப்பூசி வேலை செய்வதற்கு இந்த நினைவும் ஒரு காரணமாகும்.

சண்டைக்கு ஒரு முடிவு இருந்தால்தான் இந்த ஏற்பாடு ஒழுங்காக நடக்கும். சண்டை முடியாமல் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் நீண்டால் என்னவாகும்?

ஒரு எலி வைரஸ் கற்றுத்தந்த பாடம்

இதற்கான விடை எலிகளிடையே இயற்கையாகப் பரவும் எல்.சி.எம்.வி என்ற வைரஸிலிருந்து கிடைத்தது. அந்த வைரஸில் ஒரு வகையைச் சுண்டெலிக்கு ஏற்றினால் சுமார் 8 நாட்களில் எலி அதை வென்றுவிடும். ஹைதராபாத் உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் பயின்று பின்னர் அமெரிக்கா சென்ற விஞ்ஞானி ரஃபி அஹ்மத், 1984ஆம் ஆண்டில் தனது சக ஆய்வாளர்களுடன் இதே வைரஸின் இன்னொரு வகையைப் பிரித்தெடுத்தார். முன்னையதோடு ஒப்பிட்டால் மரபணுவில் மிகச் சிறிய வேறுபாடுகளே அதில் இருந்தன. ஆனால் இந்த வகை எலியின் உடலை விட்டுப் போகாமல் நீண்ட காலம் தங்கிவிட்டது.

1993இல் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் ரொல்ஃப் சிங்கர்நாகலின் ஆய்வுகூடத்தினர், இவ்வாறான நீடித்த தொற்றில் டி கலங்கள் 'களைத்து' மறைந்துபோவதாக அறிவித்தனர். 1998இல் ரஃபி அஹ்மதின் குழுவினர் மேலும் ஒரு முக்கியமான விடயத்தைக் காட்டினர். டி கலங்கள் எல்லாமே மறைந்துபோவதில்லை. வைரஸை அடையாளம் காணும் பல கலங்கள் அங்கேயே இருக்கின்றன. ஆனால் வேலை செய்வதில்லை. தொடர்ந்து வந்த ஆய்வுகள் இந்தக் களைப்பு படிப்படியாக வருவதைக் காட்டின. முதலில் பெருகும் ஆற்றலும், பின்னர் எதிரிக் கலத்தைக் கொல்லும் ஆற்றலும், கடைசியாக ஏனைய கலங்களுக்குச் செய்தி அனுப்பும் ஆற்றலும் குறைந்துபோகின்றன.

அம்பாறை, மட்டக்களப்புப் பக்கம் யானைக் காவலுக்குப் போனவர்களுக்கு இது இலகுவில் விளங்கும். ஒரு இரவு யானை வந்தால் பரணிலிருந்து குதித்து, சத்தமிட்டு, வெடி கொளுத்தி விரட்டிவிடலாம். மூன்று மாதம் ஒவ்வொரு இரவும் யானை வந்தால்? காவல்காரர் பரணில்தான் இருப்பார், கண்ணும் திறந்திருக்கும், ஆனால் எழுந்து ஓடுவதற்கு உடலில் தெம்பிருக்காது. அந்த நேரத்தில் காவலுக்கு இன்னும் பத்துப் பேரை அனுப்பினாலும் அவர்களும் கொஞ்ச நாளில் அப்படியே ஆகிவிடுவார்கள்.

களைப்பு ஒரு பாதுகாப்பும் கூட

இந்தக் கலங்களை அடக்கிவைப்பது எது? களைத்த டி கலங்களின் மேற்பரப்பில் பிடி-1 என்ற ஒரு புரதம் மிக அதிகமாகக் காணப்படுகின்றது. இது வாகனத்தின் பிரேக் போன்றது. வேறு கலங்களில் உள்ள பிடி-எல்1 என்ற புரதம் இதன்மீது வந்து பொருந்தும்போது பிரேக் பிடிபடுகின்றது. 2006இல் ரஃபி அஹ்மதின் குழுவினர், நாட்பட்ட தொற்றுள்ள எலிகளில் இந்தப் பொருத்தத்தை ஒரு பிறபொருளெதிரியால் தடுத்தனர். களைத்துக் கிடந்த கலங்கள் மீண்டும் எழுந்தன. வைரஸின் அளவு குறைந்தது. அதே ஆண்டில் எச்.ஐ.வி. தொற்றுள்ள மனிதர்களின் டி கலங்களிலும் இதே பிரேக் கண்டறியப்பட்டது.

அதே 2006 ஆய்வில் பலர் கவனிக்காத இன்னொரு முடிவும் உண்டு. பிறப்பிலிருந்தே பிடி-எல்1 இல்லாத எலிகளுக்கு, அதாவது பிரேக்கே பிடிக்க முடியாத எலிகளுக்கு, அந்த நீடிக்கும் வைரஸை ஏற்றினார்கள். அவை இறந்துவிட்டன. எதிர்ப்புச் சக்தி போதாமல் அல்ல, அது கட்டுக்கடங்காமல் போய் உடலையே தாக்கியதனால்.

படைத்தவன் உடலில் வைத்துள்ள ஒழுங்கு எவ்வளவு நுட்பமானது என்பதை இங்கு காணலாம். வெல்ல முடியாத சண்டையில் உடலையே எரித்துவிடாமல், படையைக் கொஞ்சம் அடக்கிவைத்து உயிரைக் காப்பாற்றும் ஏற்பாடு இது. ஹெபடைடிஸ் பி நோயில் ஈரல் பாதிக்கப்படுவது கூடப் பெரும்பாலும் வைரஸ் நேரடியாகச் செய்யும் வேலை அல்ல. வைரஸ் இருக்கும் ஈரல் கலங்களை எமது எதிர்ப்புக் கலங்கள் தாக்குவதே முக்கிய காரணம். எனவே 'எதிர்ப்புச் சக்தி எவ்வளவு கூடுகின்றதோ அவ்வளவு நல்லது' என்ற எண்ணம் அடிப்படையிலேயே பிழையானது.

வைரஸிலிருந்து புற்றுநோய்க்கு

புற்றுநோய்க் கட்டியும் ஒரு முடியாத சண்டைதான். கட்டிக்குள் நுழைந்த டி கலங்கள் நாளாக நாளாக அதே களைப்பை அடைகின்றன. போதாததற்குப் பல புற்றுநோய்க் கலங்கள் தாமே பிடி-எல்1 புரதத்தை அணிந்துகொண்டு, தம்மை அழிக்க வரும் கலத்தின் பிரேக்கை மிதிக்கின்றன.

பிடி-1 புரதத்தை 1992இல் கண்டறிந்தது ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் தசுகு ஹொன்ஜோவின் குழு. அமெரிக்காவில் ஜேம்ஸ் அலிசன், சிடிஎல்ஏ-4 என்ற இன்னொரு பிரேக்கைத் தடுத்தால் எலிகளின் கட்டிகள் கரைவதை 1996இல் வெளியிட்டார். இருவருக்கும் 2018ஆம் ஆண்டின் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

சிடிஎல்ஏ-4 பிரேக்கை விடுவிக்கும் மருந்துக்கு 2011இலும், பிடி-1 பிரேக்கை விடுவிக்கும் மருந்துகளுக்கு 2014இலும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அமெரிக்காவின் முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டருக்கு 2015இல், தனது 90ஆவது வயதில், மெலனோமா என்ற புற்றுநோய் ஈரலுக்கும் மூளைக்கும் பரவியிருந்தது. சத்திரசிகிச்சை, கதிர்வீச்சு ஆகியவற்றுடன் பிடி-1 மருந்தும் அவருக்கு வழங்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் பரிசோதனைகளில் புற்றுநோய் தென்படவில்லை என்று அவர் அறிவித்தார். அதன் பின்னர் 9 வருடங்கள் வாழ்ந்து, 2024 டிசம்பரில் 100 வயதில் காலமானார். பரவிய மெலனோமா வந்தவர்களில் பெரும்பாலானோர் ஒரு வருடம் கூட வாழாத நிலை மாறி, இரண்டு பிரேக்குகளையும் ஒன்றாக விடுவிக்கும் சிகிச்சை பெற்றவர்களில் 52 வீதமானோர் 5 வருடங்களின் பின்னரும் உயிருடன் இருந்ததை ஒரு பெரிய மருத்துவ ஆய்வு காட்டியது.

இங்கு கவனிக்க வேண்டியது, இந்த மருந்துகள் எதையும் 'கூட்டவில்லை' என்பதுதான். இருக்கும் படையின் பிரேக்கை விடுவித்தன, அவ்வளவுதான். ஆகவேதான் பக்கவிளைவுகளும் அதற்கேற்ப வருகின்றன. விடுவிக்கப்பட்ட கலங்கள் சிலவேளை குடலையும், நுரையீரலையும், தைரொயிட் சுரப்பியையும், ஈரலையும், அரிதாக இதயத்தையும் தாக்குகின்றன.

எல்லோருக்கும் ஏன் பலனளிப்பதில்லை?

இந்த மருந்தைப் பெறும் நோயாளிகளில் பலருக்கு அது பலனளிப்பதில்லை. மெலனோமா, சில நுரையீரல், சிறுநீரகப் புற்றுநோய்களில் நல்ல பலன் தருகின்றது. சதையப் புற்றுநோயில் பெரும்பாலும் தருவதில்லை. ஏன் இந்த வேறுபாடு? இதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட காரணங்கள் உண்டு. அவற்றில் ஒன்று சக்தி. இந்தச் சக்தி விளம்பரங்களில் வரும் 'சக்தி' அல்ல, கலத்தின் எரிபொருள்.

பாடசாலையில் படித்த இழைமணி நினைவிருக்கலாம். கலத்தின் மின்நிலையம் என்று சொல்லித் தருவார்கள். ஓய்வில் உள்ள டி கலம் இழைமணியின் உதவியால் சிக்கனமாக வாழ்கின்றது. சண்டைக்கு எழும்பும்போது அது குளுக்கோசை மிக வேகமாக எரிக்கத் தொடங்குகின்றது. புற்றுநோய்க் கலங்களும் குளுக்கோசை அளவுக்கு மிஞ்சி எரிப்பவை என்பதை ஜேர்மனியின் ஒட்டோ வார்பர்க் 1920களிலேயே கவனித்திருந்தார். ஆகவே கட்டிக்குள் இரு தரப்பும் ஒரே சட்டியில் கைவைக்க வேண்டியிருக்கின்றது. இந்தப் போட்டியில் டி கலங்கள் பட்டினியால் செயலிழப்பதை 2015இல் வெளிவந்த இரண்டு எலி ஆய்வுகள் எடுத்துக்காட்டின.

2016இல் மேலும் ஒரு படி தெளிவானது. களைக்கும் டி கலங்களில் இழைமணிகளே பழுதடைகின்றன. நாட்பட்ட வைரஸ் தொற்றில் இது மிக ஆரம்பத்திலேயே தொடங்கிவிடுகின்றது. புதிய இழைமணிகளை உருவாக்கும் பொறிமுறையை பிடி-1 பிரேக் தானே அடக்குகின்றது. 2021இல் வந்த ஆய்வொன்று, டி கலங்கள் ஒட்சிசன் குறைவை மட்டும் தாங்கிக்கொள்ளும், ஆனால் ஒட்சிசன் குறைவும் ஓயாத சண்டையும் ஒன்றாகச் சேரும்போது விரைவில் களைத்துவிடுகின்றன என்று காட்டியது. கட்டிக்குள் இவை இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே இருக்கின்றன. பிரேக்கை விடுவித்தாலும் எஞ்சினில் கோளாறு இருந்தால் வாகனம் ஓடாது. இந்த எஞ்சினை எப்படித் திருத்துவது என்பதே இன்று பல ஆய்வுகூடங்களின் வேலை.

இன்னொரு தடையும் உண்டு. நீண்ட நாள் களைத்த கலத்தில், எந்த மரபணு திறந்திருக்க வேண்டும், எது பூட்டியிருக்க வேண்டும் என்ற ஒழுங்கே மாறிவிடுகின்றது. பிரேக்கை விடுவித்தாலும் இந்தப் பூட்டுகள் திறப்பதில்லை. ஹெபடைடிஸ் சி நோய்க்கு இன்று 95 வீதத்துக்கும் மேற்பட்டோரைக் குணப்படுத்தும் மாத்திரைகள் இருக்கின்றன. ஆனால் வைரஸ் முற்றாக ஒழிந்த பின்னரும் அந்த நோயாளிகளின் டி கலங்களில் பழைய களைப்பின் தழும்புகள் எஞ்சியிருப்பதை ஆய்வாளர்கள் கண்டனர். பிடி-1 மருந்துக்கு எழும்புபவை பெரும்பாலும் முற்றாகக் களைத்த கலங்கள் அல்ல, இன்னும் பெருகும் ஆற்றலை இழக்காத ஒரு சிறு தொகுதி என்பதும் 2016இல் தெரியவந்தது.

சீனியை நிறுத்தினால் புற்றுநோய் பட்டினி கிடக்குமா?

'புற்றுநோய் சீனியைத் தின்கின்றது, சீனியையும் சோற்றையும் நிறுத்திவிடுங்கள்' என்ற செய்தி உங்களுக்கும் வந்திருக்கும். மேலே சொன்னதைப் படித்தவர்களுக்கு அது சரிதானே என்று தோன்றலாம். ஆனால் நாம் உண்ணாவிட்டாலும் ஈரல் தானே குளுக்கோசை உருவாக்கிக் குருதிக்கு விடும். இல்லாவிட்டால் மூளை இயங்காது. கட்டிக்கு மட்டும் குளுக்கோசைத் துண்டிக்கும் குழாய் எம்மிடம் இல்லை. அத்துடன் புற்றுநோயோடு போராடும் டி கலத்துக்கும் அதே குளுக்கோசு தேவை. 2021இல் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலிகளில் அளந்து பார்த்தபோது, கட்டிக்குள் ஒரு கலத்துக்கு அதிகமாகக் குளுக்கோசை எடுப்பது புற்றுநோய்க் கலம்கூட அல்ல, அங்கு தங்கியிருக்கும் வேறு வகை வெண்குருதிக் கலங்கள் என்று தெரிந்தது. விடயம் வாட்ஸ்அப் செய்தி சொல்வது போல் அவ்வளவு எளிமையானதல்ல. தினமும் மூன்று கரண்டி சீனி போட்ட தேநீரைக் குறைப்பது எல்லோருக்கும் நல்லது. ஆனால் சிகிச்சையில் இருக்கும் ஒருவரைப் பட்டினி போட்டு எடை குறையச் செய்வது ஆபத்தானது.

டின்களின் கதை

'பிரயோசனம் இல்லாவிட்டாலும் கெடுதி இல்லையே' என்று சிலர் சொல்வதுண்டு. அப்படியும் உறுதியாகச் சொல்ல முடியாது. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடத்தப்பட்டு 1994இல் வெளிவந்த ஆய்வில், உடலுக்கு நல்லது என்று கருதப்பட்ட பீட்டா கரோட்டின் மாத்திரையை உட்கொண்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 வீதம் அதிகமாகக் காணப்பட்டது. 2021இல் அமெரிக்காவில் மெலனோமா நோயாளிகளிடம் செய்யப்பட்ட ஆய்வொன்றில், நார்ச்சத்துள்ள உணவை அதிகம் உண்டவர்களிடம் பிரேக் விடுவிக்கும் சிகிச்சை கூடுதல் பலனளித்தது. கடையில் வாங்கும் 'நல்ல பக்டீரியா' மாத்திரைகளைச் சேர்த்துக்கொண்டவர்களிடம் அந்த நன்மை தெரியவில்லை. கீரையும் பருப்பும் பழமும் செய்ததை விலை கூடிய போத்தல் செய்யவில்லை.

2020 டிசம்பரில் கொரோனாவுக்கான ஒரு பாணியைப் பெறுவதற்காகக் கேகாலையில் ஆயிரக்கணக்கானோர் முண்டியடித்ததை நாம் மறந்திருக்கமாட்டோம். பயத்தில் இருக்கும் மனிதன் எதையும் பற்றிப்பிடிப்பான். அவன்மீது எனக்குக் கோபம் இல்லை. அந்தப் பயத்தை விலைபேசுபவர்கள் மீதுதான் கோபம்.

கருஞ்சீரகத்தையும் தேனையும் நான் இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. அவை எமது உணவிலும் ஸுன்னாவிலும் இடம்பெற்றவை. ஆனால் மருத்துவம் செய்துகொள்ளுமாறு வழிகாட்டியவர்களும் அதே நபி (ஸல்) அவர்கள்தான். ஒன்றைக் காட்டி மற்றதை விடச் சொல்பவர் மார்க்கத்தையும் சொல்லவில்லை, மருத்துவத்தையும் சொல்லவில்லை.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, தடுப்பூசி. களைத்த கலத்தை மீட்பது எவ்வளவு கடினம் என்று பார்த்தோம். களைப்பு வருமுன் காப்பதே இலகு. உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி 2022இல் 254 மில்லியன் பேர் நாட்பட்ட ஹெபடைடிஸ் பி தொற்றுடன் வாழ்ந்தனர். ஈரல் புற்றுநோய்க்கு இது ஒரு முக்கிய காரணம். வளர்ந்தவருக்கு இந்த வைரஸ் தொற்றினால் நூற்றில் ஐவருக்கும் குறைவானோருக்கே அது நாட்பட்டதாகின்றது. கைக்குழந்தைக்குத் தொற்றினால் நூற்றில் சுமார் 90 பேருக்கு. எமது நாட்டில் குழந்தைகளுக்கு 2, 4, 6 மாதங்களில் இலவசமாக வழங்கப்படும் பென்டாவேலன்ட் தடுப்பூசியில் இதற்கான பாதுகாப்பும் அடங்கியுள்ளது. தடுப்பூசி பற்றிச் சந்தேகம் கிளப்பும் செய்திகளைப் பகிருமுன் இந்த எண்களை நினைவில் கொள்ளுங்கள்.

இரண்டாவது, சிகிச்சையை ஆரம்பிப்பதில் தாமதம் வேண்டாம். ஏதாவது ஒரு டின்னை மூன்று மாதம் முயற்சித்துப் பார்த்துவிட்டு வைத்தியசாலைக்குப் போவோம் என்பது, கட்டிக்கு மூன்று மாதம் வழங்குவதாகும்.

மூன்றாவது, நோயாளி வேறு எதை உட்கொண்டாலும், கஷாயமோ தூளோ மாத்திரையோ, வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பிரேக் விடுவிக்கும் மருந்து பெறுபவருக்கு வயிற்றோட்டம், மூச்சுத்திணறல், கண் மஞ்சளாதல் போன்றவை வந்தால், மருந்து ஏற்றிச் சில மாதங்கள் கழிந்திருந்தாலும், வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே சிகிச்சை அளிக்கும் பிரிவுக்கு அறிவியுங்கள்.

நான்காவது, பணம். இந்த மருந்துகளில் ஒன்றின் ஒரு தவணைக்கு அமெரிக்காவில் 11,000 டொலருக்கும் மேல் விலை குறிக்கப்பட்டுள்ளது. எமது குடும்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு எட்டாத தொகை. அப்படிப்பட்ட சிகிச்சை இந்த நோயாளிக்குப் பொருந்துமா என்பதை வைத்தியரிடம் நேரடியாகக் கேட்டறியாமல் காணியை விற்கவோ நிதி திரட்டவோ இறங்காதீர்கள். பொருந்தாது என்று அவர் சொன்னால் அது கைவிடுவதல்ல. எமது பள்ளிவாசல்களும் நலன்புரிச் சங்கங்களும் நோயாளியின் போக்குவரத்துக்கும், தங்குமிடத்துக்கும், சத்தான உணவுக்கும் உதவினால், பல டின்கள் செய்யாத வேலையை அது செய்யும்.

கடைசியாக ஒன்று. நோயாளியிடம் போய் "நீங்கள் உடம்பைக் கவனிக்கவில்லை, அதனால்தான் எதிர்ப்புச் சக்தி குறைந்துவிட்டது" என்று சொல்லாதீர்கள். அவருடைய கலங்கள் சோம்பேறித்தனமாக இருக்கவில்லை. மாதக்கணக்கில், சிலவேளை வருடக்கணக்கில், ஓய்வின்றிப் போராடித்தான் களைத்திருக்கின்றன. களைத்தவருக்குக் கொடுக்க வேண்டியது பழியல்ல, துணை.